ஓடாத ஓட்டங்கள்

வெளிச்சம் வருவதற்கு முன்பே வாத்து எழுந்துவிடுவாள். வீட்டில் அவளுக்கு அதுதான் செல்லப் பெயர். ஓட்டக் காலணியின் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டு, சமையலறையில் நிற்கும் அப்பாவின் காதில் விழுகிற மாதிரி கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்குவாள். கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளை ஒட்டி, அக்காவின் பழைய சைக்கிள் நிற்கும். கைக்கடிகாரத்தில் ‘ஓட்டம்’ என்று தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துவாள். பிறகு சைக்கிளில் ஏறி, வலது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, கடிகாரம் கட்டிய இடது கையை முன்னும் பின்னும் வீசியபடி மெல்ல ஓட்டிப் போவாள்.

கையை வீசாவிட்டால் கடிகாரம் நம்பாது. கை ஆடுவதை வைத்துத்தான் அது காலடியைக் கணக்குப் போடுகிறது. வேகமும் ஓடுகிற வேகமாகவே இருக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தி மிதித்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு கையை மட்டும் வீசிக்கொண்டு, ஆமை வேகத்தில், விழாமல் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். ஓடுவதைவிட அது கஷ்டம். அவளுக்குத் தோள்பட்டைதான் வலித்தது. கால் வலிக்கவே இல்லை.

கால் வலிக்காததுதான் பிரச்சினையே.

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்திருந்தது. ஈரமான ஒரு காலையில் மேட்டுச் சாலையிலிருந்து இறங்கி ஓடி வரும்போது, காய்ந்த குச்சியை யாரோ துணியில் சுற்றி ஒடித்த மாதிரி இருந்தது. சத்தம் வெளியே கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. அப்புறம் முழங்கால்வரை வரும் கனமான மருத்துவ பூட்ஸை மாட்டிக்கொண்டு ‘டொக் டொக்’கென்று வீட்டுக்குள் நடந்த நாட்கள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, “குதிரை வாங்கியிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பூட்ஸும் கழன்றது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு அழகாகக் கூடிவிட்டது என்றார். “ஒரு நிமிஷம் ஓடு, ஒரு நிமிஷம் நட. அதுலேர்ந்து ஆரம்பி” என்றார் பிசியோ.

ஆரம்பிக்கத்தான் போனாள். கட்டட வாசலில் நின்றாள். நீந்த முடிந்தது, மிதிக்க முடிந்தது, மாடி ஏற முடிந்தது. ஓட மட்டும் கால் எழவில்லை. நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது. ஓட்டத்தில் ஒரு கணம் இரண்டும் காற்றில் இருக்கின்றன. பிறகு மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. இத்தனை வருடம் ஓடியவளுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தபின் எப்படி ஓடுவது?

அன்று வீடு திரும்பியதும் அப்பா, “எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து, “சூப்பர்ப்பா” என்று சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை. அதைக் காப்பாற்றத்தான் இந்த சைக்கிளும் கைவீச்சும்.

அப்பா கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். லென்ஸ் தேய்ப்பது, பிரேம் நிமிர்த்துவது. கடிகாரம் அனுப்பும் படம் அவர் போனுக்கு வரும். அன்று போன வழி, மொத்தத் தூரம், நேரம் எல்லாம் ஒரு வரைபடத்தில். கடைக்கு வருகிறவர்களிடம் எழுத்துப் பலகையைக் காட்டும் முன் அதைத்தான் காட்டுகிறார் என்று அம்மா கேலி செய்வாள். அக்காவின் போனுக்கும் வரும். அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். போன வாரம் அவளிடமிருந்து ஒரு செய்தி: ‘ஏய் வாத்து, மேட்டுச் சாலை இறக்கத்துல நீ சிறுத்தையைத் தாண்டிட்ட போலிருக்கே! உலக சாதனை. வாழ்த்துகள்.’

இறக்கத்தில் ஒற்றைக் கையால் பிரேக் பிடிக்கப் பயந்து சைக்கிளை விட்டுவிட்டாள், அதன் பலன். வாத்து ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாக அனுப்பினாள். 

வரும் ஞாயிற்றுக்கிழமை ஏரியில் போட்டி. குடும்பத் தொடரோட்டம்: ஒருவர் நீந்த வேண்டும், ஒருவர் சைக்கிள் ஓட்ட வேண்டும், ஒருவர் ஓட வேண்டும். அப்பா பெயர் கொடுத்துவிட்டார். சைக்கிள் ஓட்ட வருவதற்காக அக்கா வேலையில் விடுப்பு சொல்லிவிட்டாள். ஓடப் போவது வாத்து.

சொன்னால் அப்பா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அத்தனை பேர் முன்னால் கால் எழாமல் நிற்க வேண்டும், இல்லையென்றால் எழுந்த கால் உடைய வேண்டும். படுத்தால் இந்த மூன்றும் மாறி மாறி வந்து போர்வையை இழுத்தன.

முன்பெல்லாம் போட்டிக்கு முந்தைய வாரம் என்றால் வீடே திருவிழாவாக இருக்கும். கூடத்துச் சுவரில் கொக்கி அடித்து இரண்டு சைக்கிள்கள் தொங்கும். டயர் ரப்பர் வாசமும் செயின் எண்ணெய் வாசமும் சோற்றில்கூட ஏறியிருக்கும். அறைக்கும் சமையலறைக்கும் நடுவேயுள்ள நீள நடையில் அக்காவும் அவளும் நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் பயிற்சி செய்வார்கள். நீச்சல் கண்ணாடியைக் கழற்று, ஹெல்மெட் மாட்டு, கொக்கி போடு, அப்புறம்தான் சைக்கிளைத் தொடலாம். கொக்கி போடாமல் தொட்டால் ஆட்டம் குளோஸ். காலணி சீக்கிரம் நுழைய வேண்டும் என்று உள்ளே பவுடர் கொட்டுவார்கள். அந்தப் பவுடரில் அம்மா ஒருநாள் வழுக்கி, சாம்பார் கரண்டியோடு நடை முழுக்கச் சறுக்கிப் போய்க் குளியலறைக் கதவில் நின்றாள். “இதுக்கு எத்தனை மார்க்கு?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

நீச்சல் அப்பாவுடையது. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் தன் கையே தெரியாது. முதல் வருடப் போட்டியில் தண்ணீரிலிருந்து வெளியே வந்தார். நேரம் குறிக்கும் சிப் பட்டையைத் தன் கணுக்காலிலிருந்து கழற்றினார். சைக்கிள்களின் நடுவே நின்ற அக்காவின் காலடியில் மண்டியிட்டார். பட்டையை இறுக்கிக் கட்டி, “போயிட்டு வாடா கண்ணு” என்று காலைத் தட்டிக்கொடுத்தார். மேலேயிருந்து, “சரிங்க” என்று ஒரு கட்டைக் குரல் வந்தது. அப்போதுதான் கையில் ரோமம் தட்டுப்பட்டதாம். தாடிக்காரர் ஒருவர், அடுத்த அணிக்காரர், அடக்க ஒடுக்கமாகக் காலை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அக்கா நாலு சைக்கிள் தள்ளி நின்று, “அப்பா! அது நான் இல்லப்பா!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் கடைசிக்கு முந்தைய இடம். வாத்துக்கு அதெல்லாம் நினைவில்லை. நினைவிருப்பது ஒன்றுதான்: சைக்கிளிலிருந்து குதித்து மூச்சிரைக்க ஓடி வந்த அக்கா அவள் காலில் பட்டையைக் கட்டியது. அவள் கணுக்கால் குச்சி மாதிரி. பட்டை இரண்டு சுற்று வரும். ஈரமாக இருக்கும், சூடாகவும் இருக்கும். ஈரம் அப்பா நீந்திய ஏரி. சூடு அக்கா. அது காலில் ஏறியதும் அவள் ஓடிவிடுவாள். காலைப் பற்றி யோசித்ததே இல்லை. கால் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஓடிய அந்தக் காலத்தை நினைத்தால்தான் இப்போது அழுகை வந்தது. ஜெயித்ததை நினைத்தெல்லாம் வரவில்லை. அவர்கள் எங்கே ஜெயித்தார்கள்!

வியாழக்கிழமை. மேட்டுச் சாலை இறக்கத்தின் அடியில் சிவப்பு விளக்கு. வாத்து ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். நின்றாலும் கை நிற்கக் கூடாது. நின்றால் கடிகாரமும் நின்றுவிடும். எனவே விளக்கைப் பார்த்தபடி இடது கையை வீசிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ஒரு பஸ் வந்து புஸ்ஸென்று மூச்சுவிட்டு நின்றது. யாரோ பார்ப்பது போலிருக்கவே நிமிர்ந்தாள்.

ஓட்டுநர் ஜன்னலில் அம்மா.

அம்மா பஸ் டிரைவர்தான். ஆனால் அவள் தடம் ஊரின் அந்தப் பக்கம். இந்தத் தடத்துக்காரருக்குக் காய்ச்சல் என்று இவளை அனுப்பியிருக்கிறார்கள். வாத்தின் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்துவிட்டாள். அம்மா சிக்னலுக்கு அப்பால் இருந்த நிறுத்தத்தை முகவாயால் காட்டினாள்.

நிறுத்தத்தில் கதவு திறந்தது.

“சைக்கிளப் பூட்டிட்டு ஏறு.”

“அம்மா, நான் வந்து…”

“ஏறுன்னு சொன்னேன்.”

பஸ்ஸில் வேறு யாருமில்லை. கடைசி இருக்கையில் யாரோ விட்டுப்போன குடை மட்டும் படுத்திருந்தது. வாத்து ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தவுடன் அம்மா தலைக்கு மேலே ஒட்டியிருந்த பலகையைக் காட்டினாள். ‘வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது.’

“சிக்னல்ல பேசு.”

அடுத்த சிக்னல் பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. வேண்டாத நாளில் எல்லாம் சிவப்பாக இருக்கும் ஊர், அன்றைக்குப் பார்த்து வழிவிட்டது. மூன்றாவதில் நின்றது.

“இப்போ சொல்லு. அது என்ன, புதுப் பயிற்சியா? கொசு விரட்டுற பயிற்சி?”

“இல்லம்மா. நான் ஓடல. ஓடுற மாதிரி…”

பச்சை. அம்மா கியர் போட்டாள். வாத்து பாதி வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு நிறுத்தத்தில் ஒருவர் ஏறி, பயண அட்டையை டிக்கெட் இயந்திரத்தில் தட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்து உடனே தூங்கிவிட்டார்.

அடுத்த சிவப்பு.

“எத்தனை நாளா?”

“பூட்ஸ் கழட்டினதுலேர்ந்தே.”

“ஒரு நாள்கூட ஓடலையா?”

“ஒரு நாள்கூட.”

“வலியா?”

“வலியே இல்ல.”

“அப்புறம் என்னடி?”

பின்னால் ஹாரன். பச்சை விழுந்து நேரமாகியிருந்தது. “இரு, பெத்த பொண்ணு கூடப் பேச விடமாட்டானுங்க” என்று முணுமுணுத்தபடி அம்மா வண்டியை எடுத்தாள். ‘அப்புறம் என்னடி’ என்ற கேள்வி ஒரு முழுக் கடைத்தெருவும் ஒரு பாலமும் வாத்தின் மடியில் உட்கார்ந்து வந்தது. பாலம் முடிந்த சிக்னலில், கேட்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

“பயமா இருக்கும்மா. கால் கீழ வந்து படும்ல, அந்த நேரம். மறுபடியும் அந்தச் சத்தம் கேக்கும்னு. நைட்டு படுத்தா கேக்குது. அந்தக் கால் என்னோடது இல்லாத மாதிரி இருக்கு. எனக்கு இனிமே ஓடவே வராதும்மா.”

அம்மா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். பயணிகளைப் பார்க்கிற கண்ணாடி அது. பெரியது, முகம் முழுக்கத் தெரியும்.

“ஒத்தைக் கைல அந்த இறக்கத்துல எறங்கியிருக்க. முன்னாடி ஒரு வண்டி டக்குனு நின்னுருந்தா? அதுக்குப் பயம் வரலையாடி உனக்கு?”

“வந்துச்சு. இது அதவிடப் பெருசு.”

அம்மாவுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். வாத்துக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் தூங்கியவர் விழித்து, “இறங்குற இடம் வந்துடுச்சா?” என்று கேட்டார்.

“இல்லைங்க, நீங்க தூங்குங்க” என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்பாகிட்ட சொல்லிடு.”

“நீ சொல்லேன்ம்மா. நீ சொன்னா…”

“நான் டிரைவர். கொண்டு போய் விடத்தான் முடியும். அடுத்த நிறுத்தம் உங்கப்பா கடை.”

அப்பா வழக்கம்போலக் காலையிலேயே கடை திறந்து லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். கல் சுழன்று, தண்ணீர் தெறித்து, பல் கூசுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதிதான் கேட்கும் என்று வாத்து கணக்குப் போட்டாள். சொல்ல ஆரம்பித்ததும் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மீதி முழுவதும் அந்த அமைதியில் விழுந்தது.

கையிலிருந்த லென்ஸைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

“அப்போ அந்தப் படமெல்லாம்?”

“சைக்கிள்ப்பா.”

“காலடிக் கணக்கு வருமே?”

“கையை ஆட்டினேன்.”

“எந்தக் கை?”

அது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்காது. “இடது” என்றாள். அப்பா தன் இடது கையைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, கண்ணாடி வாங்க வந்த ஒருவர் கதவைத் திறந்தார். வாத்தின் காலணியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“ஓ! தினமும் ஓடுதுன்னு படம் காட்டுவீங்களே, அந்தப் பொண்ணா?”

வாத்துக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அப்பா எழுந்து, அவருடைய கண்ணாடியைப் பெட்டியில் போட்டு, மூடி, கையில் கொடுத்தார்.

“இது என் பொண்ணுங்க” என்றார். அவ்வளவுதான்.

அவர் போனதும் அப்பா கேட்டார், “என்கிட்ட ஏன்ம்மா சொல்லல?”

“நீங்க சந்தோஷமா இருந்தீங்க.”

“நான் எதுக்கு சந்தோஷப்பட்டேன்? நீ ஓடுனதுக்கா? கால் சரியாயிடுச்சேன்னுதானே?” மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை நீ நீந்து. நான் ஓடுறேன்” என்றார்.

“நீங்களா? உங்களுக்கு முட்டி…”

“ஏன், எனக்கு முட்டி இல்லையா? ரெண்டு இருக்கு.”

இதைக் கேட்டு அக்கா போனில் சிரித்த சிரிப்பு பக்கத்து அறைக்குக் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, “இறக்கத்துலயே சந்தேகப்பட்டேன்டி, லூசு. கேட்டா இன்னும் மறைப்பியோன்னு கேக்கல. கேட்டிருக்கணும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரி சாம்பல் நிறத்தில் ஆடாமல் கிடந்தது. வாத்து நன்றாகவே நீந்தினாள். தண்ணீரிலிருந்து சைக்கிள்கள் நிற்கும் இடம்வரை மற்றவர்கள் வெறுங்காலோடு ஓடினார்கள். அவள் நடந்தாள். அவளால் முடிந்த வேகத்தில், புல்லில் நடந்தே போய் அக்காவின் காலில் பட்டையைக் கட்டினாள். “பரவாயில்லையே, சரியான காலைக் கண்டுபிடிச்சுட்ட” என்று சொல்லிவிட்டு அக்கா பறந்தாள்.

அப்பா புதுக் காலணியில், கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொண்டு, தொடையைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி நின்றார். அம்மா பையோடு வேலியோரம் நின்றாள்.

“இன்ஜின் சூடாச்சுன்னா ஓரமா நிறுத்திடுங்க. இழுத்துட்டு வர எனக்குத் தெம்பில்ல.”

“சும்மா இரு. நான் படிக்கிற காலத்துல ஓடுனவன்.”

“பஸ்ஸைப் பிடிக்கதானே?”

அக்கா வந்தாள், பட்டை மாறியது, அப்பா போனார். போனார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் காலில் அந்தப் பட்டை ஒரே சுற்றில் நின்றதைப் பார்த்துக்கொண்டே வாத்து நின்றாள். அவர் மரங்களுக்குள் மறைந்த பிறகும் அங்கேயே பார்த்தாள். அது அவளுடைய வழி. எந்த வளைவில் நிழல் வரும், எந்த இடத்தில் சரளைக்கல் காலை உருட்டும், எங்கே ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும் எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆள் முடிவுக் கோட்டுக்கு வரும்போது, கடைசி வளைவில் மற்ற இருவரும் சேர்ந்துகொண்டு மூன்று பேராகக் கோட்டைத் தாண்ட வேண்டும். வாத்தும் அக்காவும் வளைவில் காத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமாகச் சேர்ந்து ஓடிப் போனது. கூட்டம் கலைய ஆரம்பித்தது.

“உன்னால வர முடியுமா?” என்றாள் அக்கா.

“நடந்து வரேன். அப்பா வேகத்துக்கு நடந்தாலே போதும்.”

அப்பா தெரிந்தார். முகம் தக்காளி நிறம். ஒரு காலை இழுத்து இழுத்து ஒரு மாதிரியான ஓட்டம், குழந்தைகூட முந்திவிடும். வாத்து கவலையில்லாமல் நடந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அக்கா. அப்பா இரண்டு பேரையும் பார்த்தார். வேலியோரம் மிச்சமிருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். அம்மா விசிலடித்தாள்.

அவ்வளவுதான். மனிதருக்கு எங்கிருந்து வந்ததோ, ரோஷம் வந்துவிட்டது. மகள்கள் பக்கத்தில், கைதட்டல் முன்னால். நெஞ்சை நிமிர்த்தி, இருந்த கடைசித் தெம்பையும் கூட்டி, வேகமெடுத்தார். அக்காவும் ஓடினாள்.

வாத்து வேகமாக நடந்தாள். இன்னும் வேகமாக. போதவில்லை. அப்பாவின் நனைந்த முதுகு ஒரு கை தூரம், இரண்டு கை தூரம் என்று தள்ளிப் போனது. அக்கா திரும்பிப் பார்த்தாள், கூப்பிடவில்லை. முன்னால் அப்பா, அக்கா, அதற்கும் முன்னால் முடிவுக் கோடு. இங்கே நின்றால் அவர்கள் இரண்டு பேராகப் போய்ச் சேர்வார்கள்.

அவள் கால் எழுந்தது. இரண்டு கால்களும் காற்றில் இருந்த அந்தக் கணம் அவள் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சத்தத்துக்குக் காது கொடுத்தாள். கால் இறங்கியது. சரளைக்கல் நொறுங்கியது; வேறெதுவும் இல்லை. மறுபடி எழுந்தது. பயம் போகவில்லை, கூடவே ஓடி வந்தது. மூன்றாவது, நான்காவது. அப்பாவின் முதுகு பக்கத்தில் வந்தது, அப்புறம் தோள், அப்புறம் அந்தத் தக்காளி முகம்.

அப்பா அவளைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். மூச்சு வாங்கியபடி, “வலிக்குதாம்மா?” என்றார்.

“கேக்காதீங்கப்பா. ஓடுங்க.”